ஓவியமா, அஞ்சல் வேலையா: ஒரு தம்பியின் கேள்விக்கு என் பதில்

தம்பி, உங்கள் கேள்வியை மூன்று முறை படித்தேன். வயது 24. பி.காம். முடித்திருக்கிறீர்கள். மயிலாடுதுறைப் பக்கம் ஒரு கிராமத்தில் கிளை அஞ்சல் அதிகாரியாகச் சேர உத்தரவு வந்திருக்கிறது. பத்து வயதிலிருந்து வரைந்துகொண்டிருக்கிறீர்கள். வேலையில் சேர்ந்தால் கை செத்துவிடுமோ என்று ஒரு பயம். உத்தரவை ஒதுக்கிவிட்டு ஓவியனாகச் சென்னைக்குக் கிளம்பினால், தையல் கடை நடத்தும் அப்பா உடைந்துபோவாரே என்று இன்னொரு பயம். "இரண்டில் எதை விடுவது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

வேலையில் சேருங்கள் என்பதுதான் என் பதில். அரசு வேலை, கடைசிவரை சோறு போடும் என்று உங்கள் உறவினர்கள் சொல்லும் காரணத்துக்காக நான் இதைச் சொல்லவில்லை. உங்கள் ஓவியத்துக்கு நல்லது என்பதால் சொல்கிறேன். ஒரு விதிவிலக்கும் இருக்கிறது, அதையும் சொல்கிறேன். பதில் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள். இது நான் 36 ஆண்டுகள் வாழ்ந்து பார்த்த விஷயம்.

நான் ஆர்.எம்.எஸ். என்னும் ரயில் அஞ்சல் பிரிவில், கடிதங்களை ஊர் வாரியாகப் பிரிக்கும் சார்ட்டராக இருந்தவன். 1979 இல் சேர்ந்து 2015 இல் ஓய்வு பெற்றேன். நீர்வண்ணத்தில் வரைகிறேன். பெரிய பெயர் எதுவும் எனக்கு இல்லை. ஆனால் இன்று காலையும் இரண்டு மணி நேரம் வரைந்துவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். என்னோடு வரையத் தொடங்கியவர்களில், வேலையே வேண்டாம் என்று போன பலரும் இப்போது தூரிகையைத் தொடுவதில்லை. வேலைக்குப் போன பலரும் தொடுவதில்லை. ஆகவே வேலை இருந்ததா இல்லையா என்பதை வைத்து இதைத் தீர்மானிக்க முடியாது என்பது எனக்குத் தெரியும். வேறொன்று இருக்கிறது.

முதலில் உங்களைப் போலவே அஞ்சல் தந்திக்காரராக இருந்த ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கே.சி.எஸ். பணிக்கர். 1911 இல் கோயம்புத்தூரில் பிறந்தவர். பதின்வயதிலேயே சென்னையில் நடந்த கண்காட்சிகளில் அவர் படங்கள் இடம்பெற்றன. தந்தை இறந்துபோனார், குடும்பத்தைக் காப்பாற்றக் கல்லூரியை விட்டுவிட்டுத் தந்தி இலாகாவில் வேலைக்குச் சேர்ந்தார். பிறகு 1936 இல், 25 வயதில், அந்த வேலையை விட்டுவிட்டுச் சென்னை அரசு ஓவியப் பள்ளியில் மாணவராகச் சேர்ந்தார். எழும்பூருக்குப் பக்கத்தில் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் இன்றும் கவின் கலைக் கல்லூரியாக இருக்கிறதே, அதுதான்.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் இந்த இடத்திலேயே நிறுத்திக்கொள்வார்கள். "பார், வேலையை உதறினார், பெரிய ஓவியர் ஆனார்." உங்களிடமும் யாராவது இப்படிச் சொல்லியிருப்பார்கள். அவர் எதற்காக உதறினார் என்பதைக் கவனியுங்கள். படம் விற்றுப் பிழைக்கலாம் என்று அவர் கிளம்பவில்லை, கற்றுக்கொள்ளப் போனார். நான்கு ஆண்டுகள் படித்தார். படிப்பு முடிந்ததும் அதே பள்ளியில் ஆசிரியர் ஆனார், 1957 இல் முதல்வரும் ஆனார். அதாவது அவர் மறுபடியும் ஒரு சம்பள வேலைக்குள்தான் வந்தார். அவருடைய பெரிய படங்கள் பலவும், எழுத்தையும் குறிகளையும் கட்டங்களையும் வைத்து அவர் 1963 இல் தொடங்கிய வரிசையின் முதல் படங்கள் உட்பட, மாதச் சம்பளம் வாங்கிய கை வரைந்தவைதான்.

இதற்கு அடுத்த பகுதிதான் உங்களுக்கு இன்னும் முக்கியம். முதல்வராக உட்கார்ந்திருந்தபோது அவர் கண்ணில் உறுத்தியது தன் மாணவர்களின் நிலை. நன்றாக வரையத் தெரிந்த பிள்ளைகள் படிப்பு முடிந்து வெளியே போனதும் சினிமா விளம்பரத்துக்கோ ஏதோ ஒரு அலுவலகத்துக்கோ போய், இரண்டு மூன்று ஆண்டுகளில் ஓவியத்தை விட்டுவிடுவார்கள். அந்தக் காலத்துச் சென்னையில் நவீன ஓவியத்தை வாங்குவதற்கு ஆள் கிடையாது. "நீங்கள் தியாகம் செய்யுங்கள், கலை உங்களைக் காப்பாற்றும்" என்று அவர் பிரசங்கம் செய்யவில்லை. கையில் ஒரு தொழிலைக் கொடுத்தார். பாத்திக்.

பாத்திக் என்பது என்ன வேலை என்று பார்த்தால்தான் அந்த யோசனையின் அழகு புரியும். மெழுகை உருக்கி, சாயம் ஏறக் கூடாத இடத்தில் துணியின் மேல் தடவுவார்கள். துணியைச் சாயத்தில் முக்குவார்கள். காய்ந்ததும் வேறு இடத்தில் மெழுகு, மறுபடி வேறு சாயம். கடைசியில் கொதிநீரில் போட்டு மெழுகை எடுத்துவிட்டால், மெழுகு வெடித்த இடமெல்லாம் மெல்லிய நரம்புகளாகச் சாயம் ஓடியிருக்கும். ஓவியம் தெரிந்த கைக்கு நன்றாகவே வரும். மக்களும் வாங்குவார்கள், ஏனென்றால் அது சேலை, திரை, சுவரில் தொங்கவிடும் துணி. அந்தக் கைவினைப் பொருள்களை விற்ற பணத்தில்தான் இஞ்சம்பாக்கத்தில் கடலோரமாக மணல் காட்டில் நிலம் வாங்கினார்கள். 1966 இல் சோழமண்டலம் ஓவியர் கிராமம் எழுந்தது. தங்கள் வீடுகளைத் தாங்களே கட்டிக்கொண்டார்கள். கைவினையில் சாப்பாடு, மிச்ச நேரத்தில் ஓவியமும் சிற்பமும். இன்றைக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகிறவர்கள் அதை ஒரு சுற்றுலா இடமாகப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். எனக்கு அது ஒரு கணக்கு நோட்டு மாதிரி. சோற்றுக்கு ஒரு வேலை, ஓவியத்துக்கு ஒரு வேலை, இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதாதே என்று அந்த நோட்டில் இருக்கிறது.

ஓவியத்தைச் சோறு போடச் சொல்லாதீர்கள். அதிலும் 24 வயதில், இன்னும் அது உங்களுக்குள் எலும்பு முற்றாத குழந்தையாக இருக்கும்போது, அதன் தலையில் குடும்ப பாரத்தை ஏற்றாதீர்கள். ஏற்றினால் என்ன ஆகும் என்று எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

1990களின் நடுவில், சென்னையில் ஒரு கலைக்கூடம் என் நீர்வண்ணப் படங்கள் நான்கை எடுத்துக்கொண்டது. அதில் ஒன்று திருவையாற்றுப் படித்துறையில் கோபுரம் தெரிகிற படம். அது மட்டும் ஒரே வாரத்தில் விற்றுவிட்டது. இன்னும் வேண்டும் என்றார்கள். வரைந்தேன். விற்றது. பதினோரு கோபுரம் வரைந்தேன். பதினோராவதை வரையும்போது என் கண் காகிதத்தில் இல்லை. கை தானாகப் போகிறது, கலசம், நிழல், தண்ணீரில் பிரதிபலிப்பு எல்லாம் தானாக வந்து விழுகிறது. நான் ஜன்னலுக்கு வெளியே தண்ணீர் லாரிக்குக் குடம் வைத்துச் சண்டை போடும் பெண்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். திடீரென்று வயிற்றைப் பிசைந்தது. வரைய வேண்டியது அந்தப் பெண்களை. வரைந்துகொண்டிருப்பது விலை போகிற கோபுரத்தை. அன்று தூரிகையைக் கழுவி வைத்துவிட்டேன். அடுத்த நாள் அந்தக் கலைக்கூடத்துக்குத் தொலைபேசியில் பேசி, "இனிமேல் கோபுரம் வராது" என்றேன். அவர்கள் பிறகு என்னைக் கூப்பிடவே இல்லை.

அப்படிச் சொல்ல எனக்குத் தைரியம் எங்கிருந்து வந்தது? முதல் தேதி சம்பளம் வந்துவிடும். அவ்வளவுதான். என் மகளின் பள்ளிக் கட்டணம் அந்தக் கோபுரங்களில் இருந்திருந்தால், பன்னிரண்டாவதையும் வரைந்திருப்பேன், நூறாவதையும் வரைந்திருப்பேன். சம்பளம் எனக்கு வாங்கிக் கொடுத்த மிகப் பெரிய பொருள் "மாட்டேன்" என்ற ஒரு சொல். வண்ணமும் காகிதமும் அதற்குப் பிறகுதான்.

சரி, எந்த வேலையாக இருந்தாலும் பரவாயில்லையா? இல்லை. இந்த இடத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். பெரியவர்கள் ஒரு வேலையைச் சம்பளத்தை வைத்து எடைபோடுவார்கள். வரைகிறவன் வேறு தராசு வைத்திருக்க வேண்டும். அந்த வேலை முடிந்த பிறகு உங்களிடம் என்ன மிச்சம் இருக்கிறது? எந்த நேரம் மிச்சம் இருக்கிறது, அந்த நேரத்தில் உடம்பில் தெம்பு இருக்கிறதா, கண்ணில் பசி இருக்கிறதா?

என் வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். திருச்சியில் இரவு ரயிலில் ஏறுவோம். மெயில் வேன் என்று ஒரு பெட்டி. சுவர் முழுக்கச் சின்னச் சின்ன அறைகள், ஒவ்வொன்றும் ஓர் ஊர். பையை வெட்டிக் கொட்டினால் கடிதங்கள் மலையாகக் குவியும். ஓடுகிற ரயிலில் நின்றபடியே பிரித்துப் போட்டு, கட்டுக் கட்டி, பையில் திணித்து, சணல் கயிறு போட்டு, லேபல் கட்டி, அரக்கு முத்திரை வைத்து, விழுப்புரத்தில் சிலவற்றை இறக்கி, விடியும்போது எழும்பூர். ஓய்வு அறையில் படுத்தால் பகல் பதினொன்று, பன்னிரண்டு மணிக்கு விழிப்பு வரும். திரும்பும் ரயில் இரவில்தான். நடுவில் ஒரு முழு மத்தியானம் என்னுடையது. ஊர் திரும்பினால் ஓய்வு நாள் வேறு. நீர்வண்ணத்துக்குப் பகல் வெளிச்சம் வேண்டும். என் நண்பர்கள் எல்லாம் பகலை அலுவலகத்தில் தொலைத்துவிட்டு இரவில் டியூப் லைட்டில் வண்ணம் கலக்கிக்கொண்டிருந்தார்கள். நான் இரவை விற்றுப் பகலை வாங்கிக்கொண்டேன். அதற்கு உடம்பு விலை கொடுத்தது, மறைக்க மாட்டேன். தூக்கம் கெட்டது, வயிறு கெட்டது, இன்றும் இரவு இரண்டு மணிக்கு விழித்துக்கொள்கிறேன்.

அந்த மத்தியானத்தை நான் உடனே பயன்படுத்தினேன் என்று நினைக்காதீர்கள். முதல் ஆறு ஆண்டுகள் ஒரு கோடு கூடப் போடவில்லை. ஓய்வு அறையில் சீட்டாடினேன், மாலைக் காட்சிக்குப் போனேன். யாராவது கேட்டால் "வேலையில் எங்கே நேரம்?" என்பேன். அது பொய். வேலை என் கையைக் கட்டவே இல்லை, நானேதான் மடக்கி வைத்திருந்தேன். உங்கள் பயம் "வேலை ஓவியத்தைக் கொன்றுவிடும்" என்பது. வேலை கொல்லாது தம்பி. வேலை ஒரு நல்ல சாக்காகக் கிடைக்கும், அந்தச் சாக்குதான் கொல்லும்.

மறுபடி தொடங்கியது ஓர் இரவு. அரியலூர் தாண்டி ரயில் எங்கோ நின்றுவிட்டது. வேலை முடிந்திருந்தது. எனக்கு எதிரே எங்கள் தலைமைச் சார்ட்டர், ஓய்வு பெற இரண்டு ஆண்டுகள் இருந்தவர், பை ஒன்றின் மேல் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். அவருடைய வலது கை மடியில் மல்லாந்து கிடந்தது. சணல் கயிறு முப்பது ஆண்டுகள் அறுத்த இடத்தில், ஆள்காட்டி விரலின் நடுக் கணுவில், ஒரு பள்ளம். அந்தப் பள்ளத்தில் அரக்கின் சிவப்பு ஒட்டியிருந்தது. தலைக்கு மேல் இருந்த விளக்கு அந்தக் கையில் மட்டும் விழுந்த மாதிரி இருந்தது. சட்டைப் பையில் இருந்த சின்ன நோட்டையும் பால்பாயின்ட் பேனாவையும் எடுத்து வரைந்தேன். கேவலமாக வந்தது. கட்டை விரல் வாழைப்பழம் மாதிரி இருந்தது. ஆனால் ரயில் எப்போது கிளம்பியது என்று எனக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு என் எழும்பூர் மத்தியானங்கள் எல்லாம் பாந்தியன் சாலை அரசு அருங்காட்சியகத்துக்குப் போயின. வெள்ளிக்கிழமை மூடியிருக்கும், மற்ற நாளெல்லாம் நான் அங்கேதான். வெண்கலச் சிலைக் கூடத்தில் திருவெண்காட்டு அர்த்தநாரி இருக்கிறது. 11ஆம் நூற்றாண்டு. மூன்றே கைகள், சிவன் பக்கம் இரண்டு, உமை பக்கம் ஒன்று. ஒரே உடம்பில் இடுப்புக் கோடு ஒரு பக்கம் நேராக இறங்குகிறது, மறுபக்கம் வளைந்து வெளியே போய்த் திரும்புகிறது. அந்த இரண்டு கோடுகளும் தொப்புளுக்குக் கீழே எப்படிச் சமாதானம் ஆகின்றன என்பதைப் புரிந்துகொள்ள எனக்கு ஏறத்தாழ ஒரு வருடம் ஆயிற்று. கல்லூரியில் யாரும் எனக்குக் கற்றுத் தரவில்லை, அந்தச் சிலை கற்றுத் தந்தது. திருவெண்காடு உங்கள் மாவட்டம், தம்பி. அதே ஊர் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்த இன்னொரு சிலை, ரிஷபவாகனர், தஞ்சை அரண்மனைக் கலைக்கூடத்தில் இருக்கிறது. காளையின் மேல் கையை ஊன்றியபடி சாய்ந்து நிற்கிறார், காளை மட்டும் அங்கே இல்லை. இல்லாத காளையின் எடையை அந்த முழங்கை எப்படிக் காட்டுகிறது என்று போய் வரைந்து பாருங்கள். மயிலாடுதுறையிலிருந்து தஞ்சாவூருக்கு ரயில் இருக்கிறது.

இப்போது உங்கள் கையில் இருக்கும் உத்தரவை என் தராசில் வைத்துப் பார்க்கிறேன். கிளை அஞ்சல் அதிகாரி என்பது கிராம அஞ்சல் ஊழியர் பதவிகளில் ஒன்று. ஒரு நாளைக்கு நான்கு மணி நேரமோ ஐந்து மணி நேரமோதான் பணி. நான்கு மணி நேரப் பணிக்குத் தொடக்கத்தில் மாதம் 12,000 ரூபாய், ஐந்து மணி நேரத்துக்கு 14,500 ரூபாய், அகவிலைப்படி தனி. இந்த வேலையில் இருக்கிறவருக்கு வேறு ஒரு வருமான வழியும் இருக்க வேண்டும் என்பது அதன் பழைய விதி. கடைக்காரர், விவசாயி, பள்ளி ஆசிரியர் என்று ஊரில் வேறு பிழைப்பு உள்ளவர்களை வைத்து நடத்துவதற்காக உண்டான பதவி இது. அதாவது உங்கள் வாழ்க்கையில் இன்னொன்று இருக்கும் என்று எதிர்பார்க்கும் வேலை. வரைகிறவனுக்கு இதைவிடப் பொருத்தமாக ஒன்றைத் தேடிப் பிடிப்பது கடினம்.

இதில் இடர்கள் இல்லாமல் இல்லை. சேமிப்புக் கணக்கு, செல்வமகள் கணக்கு, கிராமிய அஞ்சல் காப்பீடு என்று ஆள் சேர்க்கும் பொறுப்பு இருக்கும். நான்கு மணி நேரம் சில மாதங்களில் ஆறாக நீளும். அஞ்சலகம் இருக்கிற ஊரிலேயே நீங்கள் குடியிருக்க வேண்டும். 12,000 ரூபாயில் தனி ஆள் கிராமத்தில் வாழலாம், குடும்பம் நடத்துவது கஷ்டம். இன்னொன்று, சேர்ந்த சில ஆண்டுகளில் உங்களைச் சுற்றியிருப்பவர்கள் துறைத் தேர்வு எழுதத் தொடங்குவார்கள். தபால்காரர், பிறகு அஞ்சல் உதவியாளர், பிறகு மேற்பார்வையாளர். எழுதலாம், தவறில்லை. ஒவ்வொரு படி ஏறும்போதும் எந்த நேரத்தை விற்கிறீர்கள் என்று கேட்டுக்கொண்டு ஏறுங்கள். எனக்கு மேற்பார்வையாளர் பதவி வந்தபோது வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன். பகல் முழுக்க அலுவலகத்தில் உட்காரும் வேலை அது, என் மத்தியானம் போய்விடும். என்னோடு சேர்ந்தவர்கள் என்னைவிட அதிகம் சம்பளம் வாங்கினார்கள், ஓய்வூதியத்திலும் வித்தியாசம் தெரிகிறது. அதற்காக என் மனைவி ஒரு மாதம் என்னோடு சரியாகப் பேசவில்லை. அவள் கோபம் நியாயமானது. அவளிடம் கலந்து பேசாமல் எழுதிக் கொடுத்ததுதான் என் தவறு. கல்யாணத்துக்கு முன்பே, பெண் பார்க்கும் இடத்திலேயே, "எனக்கு ஓவியம் என்று ஒன்று இருக்கிறது, தினமும் இரண்டு மணி நேரம் அதற்குப் போகும், பதவி உயர்வு சிலவற்றை விட நேரலாம்" என்று சொல்லிவிடுங்கள்.

ஓவியத்தோடு ஒட்டிய வேலைக்கே போய்விட்டால் என்ன என்றும் கேட்டிருக்கிறீர்கள். விளம்பரம், அனிமேஷன், ஓவிய ஆசிரியர் என்று ஒரு பட்டியலும் போட்டிருக்கிறீர்கள். இதற்கு ஒரே பதில் கிடையாது. 1956 முதல் மத்திய அரசு நெசவாளர் சேவை மையங்களைத் தொடங்கியபோது, கைத்தறிக்குப் புதிய வடிவமைப்புகள் உருவாக்க ஓவியர்களை வேலைக்கு எடுத்தார்கள். ஓவியர் பிரபாகர் பர்வே 1961 முதல் 1982 வரை அந்த வேலையில் இருந்துகொண்டேதான் வரைந்தார். ஓவியர் அர்பிதா சிங்கும் அந்த மையங்களில் வேலை பார்த்தார். நம் ஓவியர் கே.எம். ஆதிமூலமும் அந்த வேலையில் இருந்தார், தமிழ்ப் புத்தக அட்டைகளின் முகத்தையே மாற்றியவர். நெசவு இவர்கள் ஓவியத்தைக் கெடுக்கவில்லை. ஆனால் நெசவு வடிவமைப்பில் கோட்டுக்கும் வண்ணத்துக்கும் மரியாதை இருந்தது, வேலையும் ஆற அமரச் செய்யும் வேலை. இன்றைய விளம்பர நிறுவனத்தில் இரவு பதினொரு மணிக்கு "அந்தச் சிவப்பை இன்னும் கொஞ்சம் சிவப்பாக்குங்கள்" என்று செய்தி வரும் வேலையை அதோடு ஒப்பிட முடியாது. என் நெருங்கிய நண்பன், எங்கள் எல்லோரையும்விட நன்றாக வரைந்தவன், விளம்பரத்துறைக்குப் போனான். நன்றாகச் சம்பாதித்தான். வீட்டுக்கு வந்தால் அவன் கண் தீர்ந்துபோயிருக்கும். நாள் முழுக்கப் பிறர் சொன்னதை வரைந்த கைக்கு, இரவில் தனக்கென்று ஒரு கோடு போடத் தோன்றவில்லை. எனக்குக் கடிதம் பிரிக்கிற வேலையில் கண் சோர்ந்தது, ஆனால் வரைகிற பசி சோரவில்லை. இரண்டும் வேறு வேறு அறைகளில் இருந்தன. உங்களுக்கு எப்படி என்பது உங்களுக்குத்தான் தெரியும். ஒரு மாதம் ஏதாவது ஒரு வடிவமைப்புக் கூடத்தில் வேலை பார்த்துவிட்டு, வீட்டுக்கு வந்ததும் நோட்டை எடுக்கத் தோன்றுகிறதா என்று பாருங்கள்.

ஓவிய ஆசிரியர் வேலையைச் சுலபமாகக் கிடைக்கும் அடைக்கலமாக நினைக்காதீர்கள். 2012 இல் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளுக்கு ஓவியம், இசை, உடற்கல்வி போன்ற பாடங்களுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்களை மாதம் 5,000 ரூபாயில் எடுத்தார்கள். பிறகு ஊதியம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. ஆனால் பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் போராடாத ஆண்டு இல்லை. கற்பிப்பதில் உண்மையான ஆசை இருந்தால் போங்கள், அது அருமையான வேலை. ஓவியத்துக்குப் பக்கத்தில் இருக்கலாமே என்பதற்காக மட்டும் போனால் இரண்டுக்கும் நியாயம் செய்ய முடியாது.

உருவப்படம் வரைந்து கொடுத்து இன்ஸ்டாகிராமில் சம்பாதிப்பது பற்றி எழுதியிருந்தீர்கள். செய்யுங்கள். அது உங்கள் பாத்திக். அதற்கு ஒரு விலை, மாதத்துக்கு இத்தனைதான் என்று ஓர் எண்ணிக்கை, அதற்கென்று தனி மேசை நேரம் வைத்துக்கொள்ளுங்கள். காலை நேரத்தை அதற்குக் கொடுக்காதீர்கள்.

விதிவிலக்கு என்று சொன்னேனே, அது இதுதான். கவின் கலைக் கல்லூரியில், சென்னையிலோ கும்பகோணத்திலோ, உங்களுக்கு இடம் கிடைத்து, நான்கு ஆண்டுகள் சாப்பாட்டுக்கும் தங்குவதற்கும் ஏதாவது வழி இருந்தால், உத்தரவை விட்டுவிட்டுப் போங்கள். பணிக்கர் போனதும் அதற்குத்தான். உயிருள்ள மனிதனை எதிரே உட்காரவைத்து வரைவது, களிமண்ணைக் கையால் பிசைவது, உங்களைவிட நன்றாக வரைகிற இருபது பேர் நடுவில் தினமும் தோற்பது, இதெல்லாம் தனியாக ஒரு கிராமத்தில் கிடைக்காது. நான் இன்றும் ஏங்குவது அதற்காகத்தான். 45 வயதில்தான் ஒரு நல்ல ஓவியர் என் படத்தைப் பார்த்து, "உங்கள் நிழல்கள் எல்லாம் ஒரே சாம்பல்" என்றார். இருபதில் யாராவது அதைச் சொல்லியிருந்தால் எனக்கு 25 ஆண்டு மிச்சமாகியிருக்கும். ஆனால் உங்கள் கடிதத்தில் கல்லூரி இல்லை. "சென்னைக்குப் போய் ஏதாவது செய்துகொண்டே வரைவேன்" என்று இருக்கிறது. அந்த "ஏதாவது" தான் எனக்குப் பயம். அது பெரும்பாலும் பத்து மணி நேர வேலையாகவும், ஐந்து பேர் தங்கும் அறையாகவும் முடியும். அந்த அறையில் காகிதத்தை விரிக்க இடம் இருக்காது.

கிராமத்தில் இருந்துகொண்டு நீங்கள் ஏற்பாடு செய்ய வேண்டியது ஆள்கள். படத்தைப் பார்த்து உண்மையைச் சொல்கிற இரண்டு பேர் வேண்டும். பாராட்டுகிறவர்கள் தேவையில்லை. கும்பகோணம் கல்லூரி உங்களுக்கு எட்டும் தூரம்தான். ஆண்டு இறுதியில் மாணவர்கள் படங்களை வைப்பார்கள், போய் நின்று பாருங்கள், பேச்சுக் கொடுங்கள், உங்கள் நோட்டைக் காட்டுங்கள். சென்னை கிரீம்ஸ் சாலையில், ஓவியம் சிற்பம் போன்ற கலைகளுக்கான தேசிய அமைப்பான லலித் கலா அகாடமியின் மண்டல மையம் இருக்கிறது. கண்காட்சிகள் நடக்கும், அச்சோவியம், சிற்பம் செய்வதற்கான கூடங்களும் உண்டு. இரண்டு மாதத்துக்கு ஒரு முறை ஒரு நாள் போய்வர ரயில் கட்டணத்தைத் தனியாக எடுத்து வையுங்கள். வண்ணம் வாங்கும் பணத்தைவிட இது முக்கியம்.

நேரம் பற்றி என் அனுபவம் சின்னது. ஞாயிற்றுக்கிழமை முழு நாள் வரைந்துகொள்ளலாம் என்று வாரம் முழுக்க விட்டுவிட்டால், ஞாயிறு பாதி கையை இளக்குவதிலேயே போய்விடும், மீதியில் உறவினர் வருவார். தினமும் ஒன்றரை மணி நேரம், அதுவும் அலுவலகத்துக்கு முன்னால். முழுத் தாளை எட்டாகக் கிழித்து, ஒரு நாளைக்கு ஒரு துண்டு. மோசமாக வந்தாலும் தேதி போட்டு அடுக்குங்கள். காகிதம் மட்டும் நல்லதாக வாங்குங்கள், பருத்திக் காகிதம், 300 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் காகிதத்தின் எடை, கிராமில்). வண்ணத்தில் சிக்கனம் பிடித்துக்கொள்ளலாம், ஆறு நிறம் போதும். மட்டமான காகிதம் உங்கள் தவற்றையும் தன் தவற்றையும் கலந்து காட்டும், எது எதனால் என்று தெரியாமல் நீங்கள்தான் நொந்துபோவீர்கள்.

கடைசியாக அப்பா. "அவரிடம் எப்படிப் புரியவைப்பது?" என்று கேட்டிருந்தீர்கள். புரியவைக்க முயல வேண்டாம். ஓவியம் ஏன் முக்கியம் என்று நாற்பது ஆண்டு தையல் மிஷின் மிதித்தவரிடம் நீங்கள் பிரசங்கம் செய்ய வேண்டியதில்லை. அளவு எடுத்து, சுண்ணாம்புக் கட்டியால் துணியில் கோடு போட்டு, அந்தக் கோட்டின் மேல் கத்தரியைக் கோணாமல் ஓட்டுகிறவர் அவர். கோட்டின் அருமை அவருக்குத் தெரியும். வேலையில் சேர்கிறேன் என்று சொல்லுங்கள். சொல்லிவிட்டு, அவரிடம் ஒரே ஒரு பொருளைக் கேளுங்கள். கடையில் துணி வெட்டும் மேசை இருக்குமே, காலையில் கடை திறக்கும்வரை அதை எனக்குக் கொடுங்கள் என்று கேளுங்கள். நீங்கள் புதிய ஊருக்குக் குடிபோகும் வரைக்கும் இருக்கும் நாட்களுக்கு அது போதும். அகலமான மேசை, நின்றபடி வேலை செய்யும் உயரம், தெருப்பக்கம் பார்த்த கதவைத் திறந்தால் கிழக்கு வெளிச்சம் வரும் கடையாக இருந்தால் இன்னும் நல்லது. முழுத் தாளையும் கிழிக்காமல் அதில் விரித்துவிடலாம்.